பிள்ளைகள் எத்தனை பேர்?

பன்னிரண்டு நாள் விடுப்பில் மெல்பனிலிருந்து பம்மலுக்குப் போனேன். அத்தாவையும் அம்மாவையும் என்னோடு நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்ளத் தேவையான காகிதங்களைத் தயார் செய்வதுதான் வேலை. அவற்றில் ஒன்று, என் தம்பி சிராஜ் இறந்துவிட்டான் என்று நீதிமன்றம் தர வேண்டிய காகிதம்.

சிராஜ் இறந்துவிட்டானா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் பெற்றோரைக் குடியமர்த்த ஒரு விதி இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது அந்த நாட்டில் நிரந்தரமாக வாழ வேண்டும். இல்லாவிட்டால், வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களைவிடவும் அங்கே அதிகப் பேர் இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர். நான் மெல்பனில். தங்கை ஷகிலா கணவனோடு ஷார்ஜாவில். நடுவில் பிறந்த சிராஜ் வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியாத பிள்ளையை, கடைசியாக எந்த நாட்டில் இருந்தானோ அங்கேயே இருப்பதாகத்தான் அவர்கள் கணக்கில் வைப்பார்கள். ஆக, மூன்று நாட்டில் மூன்று பேர். பாதி வரவில்லை.

விசா விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஆலோசகர் கிரேக்கக் குடும்பத்தில் வந்த பெண்மணி. தன் தாயாரைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவர். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மிகவும் தயங்கித்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: "இறந்துபோன பிள்ளையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்போது இரண்டு பேரில் நீங்கள் ஒருவர், பாதி வந்துவிடும். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்."

இருந்தது. ஒருவரைப் பற்றி ஏழு வருடமாக நெருங்கியவர்கள் யாரும் கேள்விப்படவே இல்லையென்றால், அவர் இறந்ததாகக் கருதும்படி நம்மூர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

தாம்பரம் பக்கமெல்லாம் தண்ணீரில் மிதந்த அந்தப் பெருமழை வருடம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் இதில் இறங்கியிருக்க மாட்டேன். இரண்டு நாள் பம்மல் வீட்டுத் தொலைபேசி செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியில் அத்தா பேசினார். முழங்கால் வலிக்காரியான அம்மாவை அவர் மொட்டைமாடிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக உட்கார வைத்து ஏற்றியிருக்கிறார். அவருக்கே எழுபத்து மூன்று வயது, சர்க்கரை, ஒரு கண்ணில் பார்வை பாதி. "ஒண்ணும் இல்லம்மா, தண்ணி வடிஞ்சிடுச்சி" என்றார். அன்று மாலையே ஆலோசகரைப் பார்க்க நாள் கேட்டேன்.

முதல் நாள் காலை விமானம் இறங்கியது. வரும்போது பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மாள், சிட்னியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர். வழி முழுவதும் தூங்கவில்லை. "அங்க நல்லாத்தான் வச்சுக்கிட்டான். ஆனா விசா முடியற தேதிய ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்தாம்மா, மறந்துடக் கூடாதுன்னு. பால் எடுக்கப் போறப்பல்லாம் அதத்தான் பாத்தேன்" என்றார்.

மீனம்பாக்கத்திலிருந்து டாக்சி பல்லாவரத்தில் திரும்பியதுமே காற்றில் தோல் பதனிடும் வாடை வந்துவிட்டது. என் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும் வாடை. அத்தா முப்பத்தைந்து வருடம் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேற்பார்வையாளராக இருந்தார். எனக்கு அது வீட்டு வாடை.

அம்மா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்து வைத்திருந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார், அங்கே வெங்காயம் எப்படி என்று கேட்டார். கைப்பையில் இருந்த காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தாதான் கேட்டார். "வக்கீலப் பாக்க என்னிக்கிப் போறோம்?"

"நாளான்னிக்கி அத்தா. அம்மாவும் கையெழுத்துப் போடணும்."

"போடுவா. அவன் செத்து பத்து வருஷம் ஆச்சு. கோர்ட்டுக்கு இப்பத்தான் தெரியப் போவுது."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். சிராஜ் ஒரு பெண்ணை விரும்பினான். செருப்பு தைக்கும் யூனிட்டில் வேலை செய்த வேற்று மதத்துப் பெண். அத்தா மறுத்தார். அந்தப் பெண்ணை அவள் வீட்டார் அவசரமாக வேறிடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சிராஜ் தெருவில் நின்று அத்தாவைப் பார்த்துக் கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டான். அத்தா காலில் இருந்ததைக் கழற்றி எல்லோரும் பார்க்க அடித்தார். இருபத்தேழு வயது ஆண்பிள்ளையை. அன்று மாலையே அவன் போய்விட்டான். ஒரு வருடம் கழித்துப் பெருநாளன்று பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அம்மாவிடம் பேசினான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போல்ட், நட்டு செய்யும் யூனிட்டில் இருப்பதாகவும் தன்னைத் தேட வேண்டாம் என்றும் சொன்னான். அம்மா அத்தாவுக்குத் தெரியாமல் இரண்டு முறை அங்கே போனார். இரண்டாம் முறை, வேலையை விட்டுப் போய்விட்டதாக வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். போலீசில் ஒரு புகார் கொடுத்தார். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அம்மா கையேந்தி துஆ கேட்பதைப் பின்னாலிருந்து கேட்டேன். என் பெயர், சிராஜ் பெயர், ஷகிலா பெயர். பிறந்த வரிசை மாறாமல். உடம்பு சுகத்தைக் கொடு, நல்ல ரிஸ்கை, குறையாத சாப்பாட்டைக் கொடு என்று மூவருக்கும் ஒரே மாதிரி. முடித்து எழுந்தபோது பேச்சை ஆரம்பித்தேன்.

"அம்மா, அது வெறும் பேப்பர்தாம்மா. விசாவுக்காக."

அம்மா தொழுகை விரிப்பை மடித்தார். "உசிரோட இருக்கறவங்களுக்குக் கேக்குற துஆ வேற, மவுத்தானவங்களுக்குக் கேக்குற துஆ வேற. கையெழுத்துப் போட்டுட்டு வந்து நான் எத ஓதறது? அத மட்டும் நீ சொல்லு."



மூன்றாம் நாள் அத்தாவும் நானும் மட்டும் தாம்பரத்துக்குப் போனோம். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ. எனக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மெல்பனில் டிராமில் பக்கத்தில் இருப்பவர் முழங்கை பட்டால் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். இங்கே ஒரு பெண் தன் கீரைக்கட்டைக் கேட்காமலே என் மடியில் வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தார். அத்தா இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். போலீஸ் புகாரின் நகலைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் எந்தத் தகவலும் இல்ல? லெட்டர், போன், யாராச்சும் பாத்தேன்னு சொல்றது?"

"எதுவும் இல்ல சார்" என்றார் அத்தா.

"அப்ப பிரச்சன இல்ல பாய். அப்பா, அம்மா ரெண்டு பேரும் சத்தியப் பிரமாணம் தரணும். பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுக்கணும். கொஞ்ச மாசம் ஆவும், ஆனா கெடச்சிடும்."

வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் அத்தா கையெழுத்துப் போட்டார். கண் சரியாகத் தெரியாததால் நான் விரலை வைத்துக் காட்டினேன். பேனா என் நகத்தில் இரண்டு முறை பட்டது.

இறங்கி வந்ததும் ஸ்டேஷன் பக்கம் நேபாளிகள் ஸ்வெட்டர் விற்கும் இடத்தில் அத்தா நின்றுவிட்டார். மெல்பனில் எவ்வளவு குளிரும் என்று கேட்டார். இரண்டு ஸ்வெட்டர் வாங்கினார், சாம்பல் நிறத்தில் ஒன்று, அம்மாவுக்கு ஊதாவில் ஒன்று. "அவ கிட்ட இப்ப காட்டாத" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் இறந்ததாக எழுதிக் கொடுக்கப் போகிறோம். அதற்கு முன்னால் அவனை ஒருமுறையாவது ஒழுங்காகத் தேடினோமா?

ஐந்தாம் நாள், ஒரு தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். ஷகிலாவின் நிக்காஹில் எடுத்த சிராஜின் புகைப்படம் ஒன்று கையில் இருந்தது. பல்லாவரத்தில் ஏறிய ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகும் நான் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கொய்யாப்பழக் கூடையோடு வந்த பெண் சிரித்தார்.

"இன்னாம்மா, ஷெட்டுக்கா போற? செங்கல்பட்டு வண்டி அந்தப் பக்கம் வரும், எறங்கு."

அவரிடமே இரண்டு கொய்யா வாங்கினேன். கீறி மிளகாய்த்தூள் தடவித் தந்தார். அடுத்த வண்டி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது, ஊரப்பாக்கத்தைத் தாண்டி வெட்டவெளியில் நின்றும் போனது. எதிரில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஊருக்குப் போன் போடப் போகிறான். மற்றவனை எச்சரிக்கிறான்: "அம்மாவிடம் நான் ஆபீசில் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். போனைக் கொடுத்தால் எதையும் உளறிவிடாதே." நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஏறிய ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு வண்டி போன பிறகும், அடுத்த வண்டிக்காகக் கேட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, "அர மணி நேரம் ஆவும்மா. இந்தக் கேட்டால ஒரே பேஜாரு" என்றார். லாரிகளுக்கு நடுவே குனிந்து, நடந்தே போனேன்.

அந்த யூனிட்டுக்கு இப்போது வேறு முதலாளி, வேறு பெயர்ப்பலகை. உள்ளே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வாசலில் இருந்த வயதான காவல்காரர் மட்டும் புகைப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெர்லம்மா. ஆனா அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் கோயில் மலைகிட்ட சரோஜா மெஸ்லதான் சாப்டுவாங்க. அங்க கேட்டுப் பாரு" என்றார்.

அம்மா இரண்டு முறை வந்தும் அந்த மெஸ் வரை போகவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நரசிம்மர் கோவில் மலையடியில் ஒரு சந்துக்குள், ஓட்டுக் கூரையின் கீழ் நான்கு பெஞ்சு. சரோஜா அக்காவுக்கு அறுபது வயது இருக்கலாம். முதலில் என்னை உட்கார வைத்துச் சோறு போட்டார். கீரைக் கூட்டு, சாம்பார், சுடச்சுட ரசம். சாப்பிட்டு முடித்துப் புகைப்படத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"ஐயே, சிராஜ் பாயி! நம்ம வூட்லதான் ரெண்டு வருசம் சாப்ட்டுகினு இருந்தாரு. நீ யாரும்மா?"

"அவனோட அக்கா."

"நல்லா கீறாரா?"

அதைத்தான் நான் கேட்க வந்திருந்தேன். பதில் சொல்லாமல், அவனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"வேலய வுட்டுப் பூட்டு ரொம்ப நாளு வர்ல. அப்பால ஒரு வாட்டி வந்தாரே. லாரி ஓட்டிகினு. ஆந்திரா பக்கம் ஓட்றேன்னாரு. என் சின்னப் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக அடிச்சி வெச்சிகினு இருந்தேன், அவருக்கும் ஒண்ணு குடுத்தேன். அதான் நெனப்பு கீது."

"எந்த வருஷம் கல்யாணம்?"

அக்கா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். மாலையோடு மணமக்கள், கீழே தேதி. மூன்று வருடம்கூட ஆகவில்லை.

 அக்கா தண்ணீர் கொடுத்தார். அவன் உடம்பு எப்படி இருந்தது, கல்யாணம் செய்துகொண்டானா என்றெல்லாம் கேட்டேன். முகவாயில் பழைய தழும்பு, கொஞ்சம் நரை, தனி ஆள். அன்று என்ன சாப்பிட்டான் என்பதுகூட அக்காவுக்கு நினைவிருந்தது. கடைசியில் அக்கா தானாகவே சொன்னார்: "'ஊருக்குப் போய் அப்பா அம்மாவப் பாருய்யா'ன்னு நான் சொன்னேன். 'எங்க அத்தாவுக்கு நான் செத்து ரொம்ப நாளு ஆச்சிக்கா'ன்னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

திரும்பி வந்த ரயிலில் உட்கார இடம் இருந்தது. நான் பல்லாவரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இன்று நேர்மையாகச் சொல்கிறேன். என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தோடு, அத்தாவும் அம்மாவும் வர முடியாது என்ற எண்ணமும் சேர்ந்தே வந்தது. எது முதலில் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வக்கீலுக்கு ஒரு போன் மட்டும் போட்டேன்.

"ஒரு சந்தேகம் சார். ஏழு வருஷத்துக்குள்ள அவனை யாராச்சும் பாத்திருந்தா?"

"அப்ப கேஸே இல்ல மேடம்." மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "யாராச்சும் பாத்தாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"கோர்ட்டுக்கு நீங்க சொல்றதுதான் தெரியும். சத்தியம் பண்றது நீங்க. யோசிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அத்தா ஜும்ஆவுக்குப் போக, பள்ளிவாசல் திரும்பும் முனைவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "மக கூட்டிகினு போறா. இனிமே அங்கதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதற்காக வாயைத் திறக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எட்டாம் நாள், வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். சுத்தமாக இருந்தது. சுவரில் மூன்று கடிகாரங்கள் வேறு வேறு நேரம் காட்டின, பிள்ளைகள் இருக்கும் நாடுகளின் நேரம். கூடத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"எனக்கும் அங்க ஒரு பையன் இருக்கான். ஒரு பொண்ணு லண்டன், ஒரு பொண்ணு கனடா. மூணு பேரையும் நல்லாப் படிக்க வச்சேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் பாதி வரல. நான் கணக்கு டீச்சர் வேற" என்று சிரித்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உங்கப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து இருக்காங்கல்ல? கர்த்தருக்கு நன்றி சொல்லு. மொதல்ல அதச் சொல்லு."

ஒன்பதாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அம்மா புர்கா போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா, போலாம். கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்."

 அம்மா குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ வெளிய போயிருந்தப்ப உங்கத்தா பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. செவுத்தப் புடிச்சி நின்னுட்டாரு, வுழல. உங்கிட்ட சொல்ல வேணான்னாரு. நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா இவர யாரு பாக்கறது? அல்லாவுக்குத் தெரியும் நான் எதுக்காகப் போடறேன்னு. அவன் மன்னிப்பான்."

அவன் என்று அவர் சொன்னது அல்லாவையா, சிராஜையா? 

அத்தாவும் கூட வந்தார். ஜெராக்ஸ் கடை மாடிப்படியை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வக்கீல் பிரமாணத்தைத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டினார். "மேற்படி சிராஜுதீன் என்பவரைக் கடந்த ஏழு ஆண்டுகளுக்கு மேலாக நானோ, என் குடும்பத்தாரோ, உற்றார் உறவினரோ பார்க்கவும் இல்லை, அவரைப் பற்றிக் கேள்விப்படவும் இல்லை. அவர் உயிருடன் இல்லை என்று உண்மையாக நம்புகிறேன்."

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை வாங்கினார். அம்மாவுக்குக் கையெழுத்து என்றால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைவதுதான். 'ர' போட்டார். 'ஹீ'க்குச் சுழிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, எழுதாதம்மா."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். கேட், காவல்காரர், மெஸ், கல்யாணப் படம், லாரி. சொல்லும்போது வக்கீலைப் பார்த்துத்தான் சொன்னேன். அம்மா பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

நான் நிறுத்தியதும் அம்மாதான் முதலில் பேசினார். "என்னா சாப்ட்டானாம்?"

"ரசம் சோறு. ரெண்டு தடவ ரசம் வாங்கினானாம். முட்டை வறுத்துத் தரேன்னதுக்கு வேணான்னுட்டானாம்."

"வயிறு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார் அம்மா. "வயித்துக்கு ஒத்துக்கலேன்னாத்தான் அவன் ரசம் கேப்பான்." முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டார். உள்ளே தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

 அத்தா கையை நீட்டி மேசையைத் தடவினார். அந்தக் காகிதத்தைத் தேடுகிறார் என்று புரிந்து வக்கீல் அதை அவர் கையில் வைத்தார். தான் முன்பே கையெழுத்திட்ட தாளையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் சேர்த்து மடித்தார், இன்னொரு முறை மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க சார். எனக்கு மூணு புள்ளங்க" என்றார்.

வக்கீல் கீழே கடைக்குக் குரல் கொடுத்து நான்கு டீ சொன்னார். அத்தாவுக்குச் சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்று அவருக்கே தோன்றிச் சொன்னார்.

பத்தாம் நாள் அம்மாவைக் காரில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனேன். கேட் அன்றும் மூடித்தான் இருந்தது. அம்மா அவசரப்படவில்லை. சரோஜா அக்காவும் அவரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சிராஜ் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். அம்மா அங்கே உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "புளி கம்மி. நல்லா இருக்கு" என்றார். வீட்டுத் தொலைபேசி எண்ணையும் என் மெல்பன் எண்ணையும் பெரிதாக எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தோம். ஆந்திராப் பக்கம் போகிற லாரிக்காரர்களிடம் சொல்லி வைப்பதாக அக்கா சொன்னார்.

அத்தா வரவில்லை. நாங்கள் திரும்பியபோது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானாமா?"

தாம்பரத்தில் ஒரு பொய்ச் சத்தியத்தைத் தடுத்துவிட்டு வந்தவள் நான்.

"சொன்னானாம் அத்தா. 'அத்தா நல்லா இருக்கணும்'னு சொன்னானாம். தைரியம் வந்ததும் வருவேன்னானாம்."

அத்தா தலையை ஆட்டினார். "தைரியம் அவனுக்கு இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றார்.

பன்னிரண்டாம் நாள் புறப்பட்டேன். விமான நிலையத்தில் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விடைகொடுத்தார்கள். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தேன். அத்தாவின் கண்ணுக்கு நான் அவ்வளவு தூரத்தில் தெரிய வாய்ப்பில்லை. அம்மா அவர் தோளைப் பிடித்து, நான் நின்ற பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். அத்தா கையை ஆட்டினார்.

அடுத்த வருடம் இருவரும் மூன்று மாத விசாவில் வந்தார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று அதிலேயே போட்டிருந்தது. அத்தா டிராமில் தனியாகக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பக் கற்றுக்கொண்டார். விசா தேதியை நான் எங்கும் ஒட்டவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பம்மலுக்குத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த வருடம் அத்தா மவுத்தானார். தகவல் வந்து, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. எத்தனை பேர் அழைத்தும் அம்மா ஷார்ஜாவுக்கோ ராஜகீழ்ப்பாக்கத்து இல்லத்துக்கோ போகச் சம்மதிக்கவில்லை. மாடியில் ஒரு நல்ல குடும்பத்தைக் குடிவைத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார். சிராஜிடமிருந்து இதுவரை எதுவும் வரவில்லை.

தினமும் என் வேலை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். எடுப்பார். ஹலோ சொல்ல மாட்டார். மறுமுனையில் யார் பேசப் போகிறார்கள் என்று ஒரு நொடி காத்திருப்பார், மூச்சு மட்டும் கேட்கும். "நான்தாம்மா" என்பேன்.

"நீயா" என்பார். சந்தோஷமாகத்தான் சொல்வார். "சாப்ட்டியா?"